தேக்காவில் நடைச் சுற்றுலா: காசு கடைத்தெருவிலேயே தங்கும்படி நடத்துவது எப்படி

கடைகளின் முன்னால் போகும் கூரையிட்ட நடைபாதையான ஐந்தடி வழியை அடைத்து நின்று, நாலு படம் பிடித்து, ஒரு போத்தல் தண்ணீர்கூட வாங்காமல் பேருந்து ஏறிப் போய்விடும் குழுக்களை, சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா வட்டாரத்தில் அடிக்கடி பார்க்கலாம். கடைக்காரருக்கு மிஞ்சுவது வழி மறிக்கப்பட்ட எரிச்சல் மட்டும்தான். அப்படி இல்லாமல், வருகிறவர் கொடுக்கும் கட்டணத்தில் நல்லதொரு பங்கு பூக்கடைக்கும் மசாலாக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் போய்ச் சேரும்படி மூன்று மணி நேர நடைச் சுற்றுலா ஒன்றைத் தொடங்கும் முறை இது. குழுவில் அதிகம் போனால் 10 பேர்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வரிசையில்தான். முதலில் போஸ்டர் அடிக்கிறார்கள், பிறகு விலை வைக்கிறார்கள், பிறகு வழித்தடம் போடுகிறார்கள், கடைசியில்தான் கடைக்காரரிடம் போய் நிற்கிறார்கள். அப்போது அவருக்குக் கொடுக்கக் கையில் காசும் இருக்காது, நேரத்தை மாற்ற வழியும் இருக்காது. இங்கே வரிசை தலைகீழாக வரும். அதை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. உரிமம் கையில் வரும்வரை ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூட வாங்காதீர்கள்

சிங்கப்பூரில் கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டும் எவருக்கும் சிங்கப்பூர் பயணத்துறைக் கழகத்தின் வழிகாட்டி உரிமம் வேண்டும். ‘நான் சும்மா கூட நடந்து நாலு விஷயம் சொல்கிறேன், அவ்வளவுதானே’ என்ற சமாதானம் செல்லாது. பயிற்சி வகுப்பு முடித்து, தேர்ச்சி பெற்று, அட்டை வாங்க நாளாகும். அதனால் மற்ற வேலைகளுக்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். காத்திருக்க முடியாதவர்கள், உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அரைநாள் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்ளலாம்.

வழிகாட்டுவதற்கு ஓர் உரிமம், சுற்றுலாவை விற்பதற்கு வேறோர் உரிமம். இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பயண முகவர் உரிமத்தில் பொது வகையும் உண்டு, உள்ளூரில் சிறிய அளவில் நடத்துவோருக்கான தனி வகையும் உண்டு. இரண்டுக்குமே குறைந்தபட்ச மூலதன நிபந்தனை இருக்கிறது. அந்த அளவுக்குக் கைமுதல் இல்லாவிட்டால், ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தோடு கூட்டுச் சேருங்கள். அவர்கள் விற்கட்டும், நீங்கள் வடிவமைத்து நடத்துங்கள். யாருடைய பெயரில் ரசீது போகும், ரத்தானால் பணத்தை யார் திருப்புவது என்ற இரண்டை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தையின் தரை எப்போதும் ஈரம்தான். ஒருவர் வழுக்கி விழ ஒரு நொடி போதும்.

வரி பற்றி ஒரு வார்த்தை. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத வரையில் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவு செய்யாதவர் ரசீதில் அந்த 9 விழுக்காடு வரியைச் சேர்த்து வசூலிக்கவும் கூடாது. பெரிய நிறுவனத்தின் ரசீதைப் பார்த்து அப்படியே நகல் எடுப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

2. கடைக்காரரிடம் முதலில் பேசுங்கள், அதுவும் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில்

பூக்கடை ஒன்று, மசாலாக் கடை ஒன்று, சாப்பாட்டுக் கடை ஒன்று. ஒரு சுற்றுலாவுக்கு இந்த மூன்று நிறுத்தம் போதும். ஏழெட்டுக் கடைகளைத் தொட்டுக்கொண்டு ஓடினால் எந்தக் கடையிலும் யாரும் எதையும் வாங்க மாட்டார்கள், எந்தக் கடைக்காரருக்கும் உருப்படியாக எதுவும் கிடைக்காது.

முதல் சந்திப்பில் திட்டத்தை விளக்க வேண்டாம். கடையில் ஏதாவது வாங்குங்கள். பிறகு கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ‘அக்கா, உங்களுக்கு வாரத்துல எந்த நாள், எந்த நேரம் வியாபாரம் குறைவா இருக்கும்?’ அவர் சொல்லும் பதிலில்தான் உங்கள் சுற்றுலாவின் நேர அட்டவணை இருக்கிறது. கூட்ட நேரத்தில் பத்துப் பேரைக் கொண்டுபோய் நிறுத்தினால், நீங்கள் கொடுக்கும் காசைவிட அவர் இழக்கும் வாடிக்கை அதிகம். ஓய்ந்த நேரத்தில் அதே பத்துப் பேர் அவருக்கு வரவு.

இரண்டாவது கேள்வி: ‘படம் எடுத்தா பரவாயில்லையா அண்ணே? உங்க முகம் தெரியலாமா, கை மட்டும் போதுமா?’ பலர் கையை எடுக்கச் சம்மதிப்பார்கள், முகத்தை விரும்ப மாட்டார்கள். இதை முதலிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் பிறகு மனக்கசப்பு வராது.

மூன்றாவதுதான் காசு. ‘பயணிகளைக் கூட்டிவருகிறேன், எனக்குக் கமிஷன் எவ்வளவு தருவீர்கள்’ என்று கேட்பது இந்தத் தொழிலில் ஊறிப்போன பழக்கம். அதைச் செய்யாதீர்கள். கமிஷன் கொடுக்கும் கடை அதை விலையில்தான் ஏற்றும். பக்கத்துக் கடையில் விலை கேட்ட பயணிக்கு அது உடனே தெரிந்துவிடும். நாம் செய்ய வேண்டியது நேர்மாறானது: நேரத்துக்கும் பொருளுக்கும் நாம் கடைக்குக் கொடுக்கிறோம், ஆளுக்கு இவ்வளவு என்று.

பேசி முடித்ததும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கடைக்காரர் படிக்கும் மொழியில் இருக்கட்டும். எந்தக் கிழமை, எத்தனை பேர், எத்தனை நிமிடம், ஆளுக்கு எவ்வளவு, பணம் எப்போது, ரத்தானால் முந்தைய இரவு 8 மணிக்குள் தகவல், அதற்குப் பிறகு ரத்தானால் பாதித் தொகை. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காலையில் ரத்து செய்தால் உங்களுக்காக வாங்கிய மல்லிகையை அவர் என்ன செய்வார்?

பணத்தை அன்றைக்கே, கடையை விட்டு நகரும் முன்பே, பேநவ் (கைப்பேசி வழிப் பணமாற்று) மூலமோ ரொக்கமாகவோ கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்கும் வழக்கம் பெரிய நிறுவனங்களுக்குச் சரி. தினமும் சரக்கு எடுக்கும் சிறு கடைக்கு அது கடன் கொடுப்பதற்குச் சமம்.

கடைகளோடு பேசும்போதே லிட்டில் இந்தியா கடைக்காரர்கள், மரபுடைமைச் சங்கமான லிஷாவுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். பொங்கல் சந்தை, தீபாவளி ஒளியூட்டு போன்ற காலங்களில் எந்தத் தெரு மூடப்படும், எங்கே கூடாரம் வரும் என்பது அவர்கள் மூலம் முன்கூட்டியே தெரியவரும்.

3. நாளையும் நேரத்தையும் தெருவே முடிவு செய்யட்டும்

திங்கட்கிழமையை விட்டுவிடுங்கள். ஈரச்சந்தைக் கடைகள் பலவும் அன்று மூடியிருக்கும், கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையமும் திறக்காது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் பூக்கடைக்கும் உச்ச நாள். நண்பகலில் டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசலைச் சுற்றித் தொழுகைக்கு வருவோர் நிறைந்திருப்பார்கள். வெள்ளியும் வேண்டாம்.

ஞாயிறு மாலை வேண்டவே வேண்டாம். வாரம் முழுக்க உழைத்த வெளிநாட்டு ஊழியர்கள் ஊருக்குப் பணம் அனுப்பவும், நண்பர்களைப் பார்க்கவும், வாய்க்கு ருசியாகச் சாப்பிடவும் வருகிற நேரம் அது. அவர்களுடைய ஒரே விடுமுறையைக் காட்சிப்பொருளாக்கிக் காசு பண்ணக் கூடாது. ‘அன்றைக்குத்தான் கலகலப்பாக இருக்கும், அன்றைக்கே கூட்டிப்போங்கள்’ என்று சில பயணிகள் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

மிச்சம் இருப்பது செவ்வாய், புதன், வியாழன் காலை. 9 மணிக்குத் தொடங்கி 12க்குள் முடித்துவிட வேண்டும். கோயில்கள் பலவும் நண்பகலில் நடை சாத்தி மாலை 4 மணிக்கு மேல்தான் திறக்கும். வெயிலும் 12க்கு மேல் தாங்காது. வாரநாள் காலை என்றால் ஆள் வருவார்களா என்ற பயம் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருகிறவருக்குப் புதன் என்ன, சனி என்ன? சனிக்கிழமைக்கு ஆசைப்பட்டுத் தெருவின் நெரிசலை இன்னும் கூட்டுவதைவிட, காலியாக இருக்கும் நாளில் கடைக்கு ஆள் கொண்டுவருவதுதான் உண்மையான உதவி.

4. வழித்தடம்: கோயில் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

வரைபடத்தை வைத்துக்கொண்டு ‘எது அழகாக இருக்கும்’ என்று தொடங்கினால் வழி பிசகும். மாற்ற முடியாத நேரங்களை முதலில் குறியுங்கள்: கோயில் நடை, பூக்கடை ஓய்வு, சாப்பாட்டுக் கடையில் மதியக் கூட்டம் தொடங்கும் நேரம். மிச்சம் இருப்பதை அவற்றுக்கு நடுவில் பொருத்துங்கள். சரியாக ஓடும் ஒரு வரிசை இது:

9.00 – லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையம். எந்த வெளிவாசல் என்று எழுத்தோடு குறிப்பிட்டு, அதன் படத்தையும் முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள். ‘லிட்டில் இந்தியா நிலையத்தில் சந்திப்போம்’ என்று மட்டும் எழுதினால் 15 நிமிடம் ஆள் தேடுவதிலேயே போகும்.

9.15 – தேக்கா நிலையத்தின் ஈரச்சந்தை. நிற்காமல் நடந்து பார்ப்பது மட்டும். வழிகாட்டி சொல்ல வேண்டியதை வெளியே சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும். உள்ளே பேசினால் வழி அடைபடும்.

9.40 – பஃபலோ ரோடு. பூக்கடையும் மசாலாக் கடையும். குழு இரண்டாகப் பிரிந்து, பிறகு மாறிக்கொள்ளும்.

10.25 – கெர்பாவ் ரோடு வழியாக நடை. 1900இல் கட்டப்பட்ட, வண்ணமயமான சீன மாளிகையான டான் டெங் நியா வீடு இங்கே இருக்கிறது. படம் எடுக்க 5 நிமிடம்.

10.40 – சிராங்கூன் ரோட்டில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில்.

11.10 – சாலையைக் கடந்து அப்பர் டிக்சன் ரோடு, டன்லப் ஸ்திரீட். பள்ளிவாசல் வெளியிலிருந்து.

11.30 – கேம்பல் லேன் பக்கத்தில் பலகாரமும் தேநீரும். 12க்குள் முடிவு.

மொத்தமே ஒன்றரை கிலோமீட்டர் போலத்தான். முடிக்கும் இடத்தைக் கவனியுங்கள். ரயில் நிலையத்தில் முடித்தால் எல்லாரும் நேரே ரயிலேறிவிடுவார்கள். கடைகளுக்கு நடுவில், வயிறு நிறைந்திருக்கும்போது முடித்தால், ‘காலையில் பார்த்த அந்தக் கடைக்கு எப்படிப் போவது’ என்று கேட்பார்கள். சுற்றுலாவுக்குப் பிந்திய அந்தச் செலவுதான் தெருவுக்குக் கிடைக்கும் கூடுதல் வரும்படி. இன்னும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்திய மரபுடைமை நிலையம் அதே தெருவில் இருக்கிறது.

பஃபலோ ரோட்டு வீடமைப்பு புளோக்குகளின் (அடுக்குமாடிக் குடியிருப்புகளின்) கீழ்த்தளத்தில் குழுவை நிறுத்திப் பேச வேண்டாம். நிழலாகத்தான் இருக்கும். ஆனால் அது அங்கே குடியிருக்கும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசும் இடம்.

5. கட்டணக் கணக்கு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போங்கள். தொடங்கிய ஆறு மாதத்தில் கடையை மூடிவிட்டுப் போகும் நல்ல முயற்சிகளில் பலவும் தடுக்கி விழுவது இந்தக் கணக்கில்தான். கீழே உள்ளவை எடுத்துக்காட்டுத் தொகைகள். உங்கள் தொகைகளைப் போட்டுப் பாருங்கள்.

ஒருவருக்குக் கட்டணம் 60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆளுக்கு ஆள் மாறும் செலவு: பூக்கடைக்கு 8, மசாலாக் கடைக்கு 6, சாப்பாட்டுக் கடைக்கு 9. மொத்தம் 23. எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு: வழிகாட்டிக்கு 180, உதவியாளருக்கு 40, காப்புறுதிப் பங்கும் சில்லறைச் செலவும் 20. மொத்தம் 240.

பத்துப் பேரும் உங்களிடமே நேரடியாகப் பதிவு செய்தால் வரவு 600. செலவு 230 + 240 = 470. மிச்சம் 130 வெள்ளி.

அதே பத்துப் பேர் 20 விழுக்காடு தரகு எடுக்கும் இணையத் தளம் வழியாக வந்தால் 120 வெள்ளி அங்கேயே போய்விடும். மிச்சம் வெறும் 10.

ஆறு பேர் மட்டும் தளம் வழியாக வந்தால்? தரகு போக ஆளுக்கு 48, அதில் 23 போனால் 25. ஆறு பேருக்கு 150. மாறாத செலவு 240. அன்றைக்கு 90 வெள்ளி நட்டம்.

அதாவது நேரடிப் பதிவு என்றால் 7 பேர் வந்தால் கட்டுப்படியாகும். தளம் வழியாக என்றால் 10 பேரும் வந்தால்தான் கையைக் கடிக்காது. இந்த இரண்டு எண்களையும் தெரிந்துகொள்ளாமல் விலை வைக்காதீர்கள். நட்டம் வரும்போது புதியவர்கள் முதலில் கை வைப்பது கடைக்காரரின் பங்கில்தான்: ‘8 வேண்டாம், 5 வைத்துக்கொள்ளுங்கள் அக்கா’. அல்லது குழுவை 20 பேர் ஆக்குவார்கள். முதலாவது நீங்கள் கொடுத்த வாக்கை முறிக்கிறது, இரண்டாவது தெருவை அடைக்கிறது. கட்டணத்தை ஏற்றுங்கள், இல்லையென்றால் நேரடிப் பதிவைப் பெருக்குங்கள்.

இன்னோர் எண்ணையும் எழுதி வைக்க வேண்டும். மேலே சொன்ன 600 வெள்ளியில் மூன்று கடைகளுக்கும் போவது 230, கிட்டத்தட்ட 38 விழுக்காடு. உதவியாளரும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர் என்றால் 270, அதாவது 45 விழுக்காடு. இந்தப் பங்கு மாதா மாதம் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையின் உயிர்நாடி.

2023இல் சிங்கப்பூர் நாடு முழுமைக்கும் நீடித்த நிலைத்தன்மைச் சுற்றுலாவுக்கான அனைத்துலகச் சான்றிதழ் கிடைத்தது. அந்த அளவுகோலில் நிர்வாகம், சமூகப் பொருளியல் பலன், பண்பாடு, சுற்றுச்சூழல் என நான்கு பிரிவுகள் உண்டு. புதியவர்கள் நான்காவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். பிளாஸ்டிக் போத்தலைத் தவிர்த்துவிட்டு, ‘பசுமைச் சுற்றுலா’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். போத்தலைத் தவிர்ப்பது நல்லதுதான். பயணிகளையே தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆனால் இரண்டாவது பிரிவுக்கு உங்களிடம் இருக்கும் ஒரே சான்று இந்த விழுக்காட்டுக் கணக்குதான்.

6. கோயிலில் அனுமதி கேட்பது

ஒவ்வொரு கோயிலுக்கும் நிர்வாகம் வேறு. சிராங்கூன் ரோட்டில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்குத் தனி நிர்வாகக் குழு இருக்கிறது. அதே சாலையில் கொஞ்சம் தள்ளியுள்ள ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் இந்து அறக்கட்டளை வாரியத்தின் கீழ் வருகிறது. ஓரிடத்தில் வாங்கிய அனுமதி மற்றதற்குச் செல்லாது. கோயில் அலுவலகத்துக்கு நாள், நேரம், ஆள் எண்ணிக்கையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். விசேஷ நாள் பட்டியலையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உடை பற்றிய குறிப்பு பதிவு செய்யும்போதே போக வேண்டும்: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், கழற்ற எளிதான செருப்பு. கோயில் வாசலில் வைத்துச் சொன்னால் அரைக்கால் சட்டையோடு வந்தவர் சங்கடப்பட்டு நிற்பார். எதற்கும் பையில் நான்கைந்து பருத்தி வேட்டி, துண்டு வைத்திருங்கள். அதையும் தேக்காவிலேயே வாங்குங்கள்.

மூலவரைப் படம் எடுக்கக் கூடாது. வேண்டிக்கொண்டு நிற்பவர்களின் முகத்துக்கு எதிரே கைப்பேசியை நீட்டக் கூடாது. இந்த இரண்டையும் உள்ளே போகும் முன் சொல்லிவிட்டு, உள்ளே வழிகாட்டி வாய் திறக்காமல் இருப்பது நல்லது.

7. பூக்கடை நிறுத்தம்

பயணிகள் கடைசிவரை மறக்காமல் பேசுவது இந்த இருபது நிமிடத்தைத்தான். மோசமாகத் திட்டமிட்டால் கடைக்காரர் இரண்டாவது வாரமே ‘வேண்டாம்பா’ என்று சொல்லப்போவதும் இதைத்தான்.

ஒரு தடவைக்கு ஐந்து பேர். கடை முகப்பில் இடம் கேட்காதீர்கள், அது வாடிக்கையாளர் நிற்கும் இடம். பக்கவாட்டில் ஒரு மடக்கு மேசை, அதன்மேல் நனைத்த துணி, அதில் மல்லிகை மொட்டு. ஆளுக்கு ஐம்பது அறுபது மொட்டு இருந்தால் ஒரு சாண் அளவு கட்டலாம். விரிந்த பூவை வைத்துக் கற்றுக்கொடுக்க முடியாது, இதழ் உதிரும். முந்தைய நாளே சொல்லி வைத்தால்தான் நல்ல மொட்டாக ஒதுக்கி வைப்பார்கள்.

வாழைநார் என்றால் முன்கூட்டியே தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும். காய்ந்த நார் காம்பை அறுத்துவிடும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு கண்ணி போட்டு அதற்குள் காம்புகளை விட்டு இழுக்க வேண்டும். முதல்முறை கட்டுகிறவர்கள் பயந்துகொண்டு தளர்வாக இழுப்பார்கள், தூக்கியதும் எல்லாம் கொட்டும். இல்லையென்றால் வெடுக்கென்று இழுத்துக் காம்பை முறிப்பார்கள். நான்கைந்து கண்ணி வீணான பிறகு கை பிடிபடும். அதற்காகவே மொட்டைக் கொஞ்சம் கூடுதலாக வாங்க வேண்டும்.

மொட்டைக் கையில் கொடுப்பதற்கு முன்பே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கோயிலுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் முகர்ந்து பார்க்காதீர்கள். மல்லிகையைப் பார்த்ததும் மூக்கருகே கொண்டுபோவது யாருக்கும் இயல்பு. முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது என்பது வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? தாமதமாகச் சொன்னால், ஆசையோடு கட்டிய பூவைக் கோயில் வாசலில் வைத்து ‘இது வேண்டாம்’ என்று சொல்ல நேரிடும். முகர்ந்துவிட்டவர்கள் தலையில் வைத்துக்கொள்ளட்டும், கையில் சுற்றிக்கொள்ளட்டும்.

வழித்தடத்தில் பூக்கடையைக் கோயிலுக்கு முன்னால் வைத்ததன் காரணமும் இதுதான். கட்டிய பூவுக்கு ஒரு போக்கிடம் இருக்கிறது. ஹோட்டல் அறைக் குப்பைத்தொட்டிக்குப் போகாது.

ஐந்து பேர் பூ கட்டும்போது மற்ற ஐந்து பேர் உதவியாளரோடு மசாலாக் கடையில் இருப்பார்கள். அங்கே கடைக்காரர் மல்லி, சீரகம், சோம்பு மூன்றையும் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினால் போதும். பெரும்பாலோர் சீரகத்தையும் சோம்பையும் மாற்றிச் சொல்வார்கள், அதிலேயே பேச்சு சூடுபிடிக்கும். ஆளுக்கு 100 கிராம் மசாலாத்தூள் பொட்டலம் கட்டணத்திலேயே அடங்கட்டும். முழு விதைகளைவிட, முத்திரையிட்ட தூள் பொட்டலம் பாதுகாப்பானது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் உணவுப்பொருள், விதை, பூ எதுவானாலும் விமான நிலையத்தில் அறிவித்தாக வேண்டும். அங்கிருந்து வந்தவர்களிடம் இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

8. சாப்பாடு

பதிவுப் படிவத்திலேயே நான்கு கேள்வி: சைவமா, ஹலாலா, மாட்டிறைச்சி ஒதுக்குகிறவரா, ஒவ்வாமை உண்டா. நிலக்கடலையும் முந்திரியும் சட்னியிலும் குருமாவிலும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். சமையல்காரரிடம் முந்தைய நாளே கேட்டு வைக்க வேண்டும். சைவப் பலகாரம் என்று முடிவு செய்துவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

11.30க்கு உட்கார்ந்து 12க்கு எழுந்துவிடுங்கள். பிறகு வேலையிலிருந்து சாப்பிட வருகிறவர்களுக்கு அந்த மேசை வேண்டும்.

சிறிய உணவகத்துக்குப் பதிலாகத் தேக்கா உணவங்காடியில் சாப்பிடுவதாக இருந்தால், தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பரிலிருந்து கட்டாயம் என்பதையும், ஹலால் தட்டுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி அடுக்கு என்பதையும் உட்காரும் முன் சொல்லிவிடுங்கள். மாற்றி வைத்தால் கடைக்காரருக்குத்தான் தொல்லை.

9. இரண்டு ஒத்திகை, அதன் பிறகே விற்பனை

முதல் ஒத்திகையை நீங்கள் தனியாக, கையில் கடிகாரத்தோடு நடந்து பாருங்கள். சாலை கடக்கும் இடத்தில் பச்சை விளக்கு வர ஆகும் நேரமும் கணக்கில் வர வேண்டும். மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, கழிவறை எங்கே, சக்கர நாற்காலி எங்கே ஏறாது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தடி வழியில் கடைக்குக் கடை தரை மட்டம் மாறும், நடுவில் படிகள் வரும். ‘எல்லாருக்கும் ஏற்றது’ என்று விளம்பரத்தில் எழுதும் முன் அதை நடந்து சரிபார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஒத்திகைக்குப் பத்துப் பேரைத் திரட்டுங்கள். உறவினரும் நண்பரும் போதும், ஆனால் கடைகளுக்கு முழுத் தொகையும் கொடுத்தாக வேண்டும். முடிந்ததும் பயணியாக வந்தவர்களிடம் அபிப்பிராயம் கேட்பதற்கு முன் கடைக்காரர்களிடம் கேளுங்கள். எங்கே இடைஞ்சலாக இருந்தது, எத்தனை வாடிக்கையாளர் திரும்பிப் போனார்கள், ஐந்து பேர் தாங்குமா, நாலு போதுமா. அவர்கள் சொன்னதைத் திருத்திய பிறகு போஸ்டர் அடிக்கலாம்.

விளம்பரத்தில் எத்தனை பேர், எத்தனை நிமிடம், என்னென்ன கட்டணத்தில் அடங்கும், கடைகளுக்கு எத்தனை விழுக்காடு போகிறது என்று எண்ணாகவே எழுதுங்கள். ‘உள்ளூர் மக்களை ஆதரிக்கிறோம்’ என்ற வாசகத்தை எல்லாரும் எழுதுகிறார்கள்; 38 விழுக்காடு என்று எழுதுகிறவர்கள் குறைவு. தளங்களில் போட வேண்டியிருந்தால் போடுங்கள், ஆனால் வந்தவர்கள் நண்பர்களுக்குச் சொல்லும்போது உங்கள் சொந்தப் பதிவுப் பக்கத்தைச் சொல்லும்படி ஓர் அட்டையும் க்யூஆர் குறியும் கொடுத்தனுப்புங்கள்.

10. நடத்தும் நாளில்

முந்தைய இரவு 8 மணிக்குள் மூன்று கடைகளுக்கும் சரியான எண்ணிக்கை போக வேண்டும். காலையில் வழிகாட்டியின் உரிம அட்டை வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். ஒலிபெருக்கி வேண்டாம், பத்துப் பேருக்குச் சாதாரணக் குரலே கேட்கும், கேட்காவிட்டால் நிற்கும் இடம் தப்பு என்று பொருள்.

நின்று பேசும்போது குழுவைச் சுவரோரமாக, கடை வாசல் இல்லாத பக்கம் நிறுத்துங்கள். வழிகாட்டி சாலையைப் பார்த்து நின்றால் பயணிகள் சுவரைப் பார்ப்பார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட யாருக்கும் தோன்றாது. பயணிகள் சாலையைப் பார்க்கும்படி நிற்க வைத்து, நீங்கள் அவர்களுக்கு எதிரே நில்லுங்கள்.

விலை பேசுவதைப் பற்றியும் சொல்லி வையுங்கள். சந்தையில் காய்கறிக்கும் பூவுக்கும் பேரம் பேசி ஒரு வெள்ளி குறைப்பதை ‘அனுபவம்’ என்று சில பயண நூல்கள் சொல்லிக்கொடுத்து அனுப்புகின்றன. அந்த ஒரு வெள்ளி கடைக்காரரின் அன்றைய லாபமாக இருக்கலாம்.

11. மாதக் கணக்கும் வளர்ச்சியும்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு சுற்றுலாவுக்கும் ஒரு வரி: எத்தனை பேர், மொத்த வரவு, கடைகளுக்குக் கொடுத்தது, விழுக்காடு, முறையீடு ஏதேனும். சுற்றுலா முடிந்த பின் திரும்பி வந்து வாங்கியவர்களைக் கணக்கிட, முடிவில் ஒரு வண்ண அட்டை கொடுங்கள். கடையில் அதைக் காட்டினால் கடைக்காரர் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வார். தள்ளுபடி எதையும் அதோடு சேர்க்காதீர்கள், அது மறுபடியும் கடைக்காரர் தலையில்தான் விழும். மாதக் கடைசியில் அட்டைகளை எண்ணினால் போதும்.

ஒரே கடைக்கு வாரத்தில் இரண்டு குழுவுக்கு மேல் வேண்டாம். கேட்பவர் அதிகமானால் குழுவைப் பெரிதாக்காமல் இரண்டாவது வழித்தடத்தைத் தொடங்குங்கள்: வேறு பூக்கடை, வேறு சாப்பாட்டுக் கடை, சையது ஆல்வி ரோடு பக்கம் ஒன்று, ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் ஒன்று. காசும் பரவும், நெரிசலும் பரவும்.

இரண்டாவது வழிகாட்டி தேவைப்படும்போது வெளியே தேடும் முன் உங்கள் உதவியாளரைப் பாருங்கள். ஆறு மாதம் கூடவே நடந்தவருக்கு எந்த அக்காவிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது தெரிந்திருக்கும். உரிமப் பயிற்சிக்கான கட்டணத்தில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொரு கடைக்கும் போய் உட்கார்ந்து, அவர் கடைக்கு வந்த தொகையைக் காட்டிவிட்டு, அடுத்த மூன்று மாதத்துக்குத் தொடரலாமா என்று கேளுங்கள். அவர் தயங்கினால் காரணம் கேட்டு வற்புறுத்த வேண்டாம். அடுத்த வார வழித்தடத்திலிருந்து அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டு, கொடுக்க வேண்டிய பாக்கி இருந்தால் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.